வெல்லம் கரைவது போல

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில், சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருக்கிறது சிக்கல் திருத்தலம். வெண்ணெய்ப் பெருமானாகிய நவநீதேஸ்வரரும் வேல்நெடுங்கண்ணி அம்மையும் எழுந்தருளியிருக்கும் அத்திருக்கோயிலில், கந்த சஷ்டியின் ஐந்தாம் நாள் மாலையில் சிங்காரவேலர் அன்னையிடம் வேல் வாங்குவார். அவ்வேளையில் அப்பெருமானின் திருமேனியில் வியர்வை அரும்புவதையும், அதை அர்ச்சகர்கள் பட்டுத்துணியால் ஒற்றி எடுப்பதையும் காண ஆயிரக்கணக்கான அடியார்கள் திரண்டு நிற்பர்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய ஒரு மாலையில், அந்தக் கூட்டத்தின் நடுவே ஓர் அம்மாளுக்கும் வியர்த்தது. வயது 70. நெற்றியில் இட்டிருந்த விபூதி கரைந்து புருவத்தில் வழிந்தது. நெரிசலின் புழுக்கம் என்றே அருகில் இருந்தவர்கள் எண்ணினார்கள். அவருடைய கையைப் பற்றியிருந்த கணவருக்கு மட்டும் அந்தக் கை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருப்பது தெரிந்தது. "என்ன செய்கிறது உனக்கு?" என்று அவர் குனிந்து கேட்பதற்குள் அம்மாள் சரிந்துவிட்டார். வேலைக் கண்ணாரக் காண வேண்டும் என்று ஐந்து நாட்கள் நோன்பிருந்தவர், அந்தத் திருக்காட்சிக்குச் சில நிமிடங்கள் முன்னால் நினைவிழந்தார்.

நாகையின் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவு. இரத்த அழுத்தம் 80க்கு 50. சர்க்கரை அளவு 58. இரத்தத்தில் உப்புச்சத்து வெகுவாகக் குறைந்திருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார்கள்?" என்பதே. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான கணவர் வரிசையாகச் சொன்னார். பிரட்னிசோலோன் என்ற பெயர் வந்ததும் மருத்துவர் நிமிர்ந்தார்.

"அதை எப்போது நிறுத்தினீர்கள்?"

"நிறுத்தவில்லையே. நாள்தோறும் காலையில் சாப்பிடுகிறாள்."

மருத்துவர் மறுமொழி சொல்லாமல் செவிலியரிடம் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைக் கொண்டுவரச் சொன்னார். கூடவே உப்புநீரும் குளுக்கோசும் ஏறின. இரண்டு மணி நேரத்தில் அம்மாள் கண் திறந்தார். திறந்தவுடன் கேட்டது, "வேல் வாங்கியாயிற்றா?" என்பதைத்தான்.

அன்றிரவு வீட்டுக்கு மாற்றுப்புடவை எடுக்கச் சென்ற கணவர், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அட்டையில் ஐந்து நாட்களுக்குரிய மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. சஷ்டி விரதம் தொடங்கிய அன்றே அம்மாள் மருந்தை நிறுத்தியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நிகழ்ச்சியின் வேர் அதற்கும் ஏறத்தாழ இருபது மாதங்களுக்கு முன்னால் இருந்தது. ஒரு பங்குனி மாதத்தில் அம்மாளுக்கு இரண்டு தோள்களும் இடுப்பும் இறுகத் தொடங்கின. விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழ முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையை உயர்த்தித் தலை வார முடியவில்லை. கோலமிடக் குனிந்தால் நிமிர முடியவில்லை. விளக்கேற்றி விழுந்து வணங்கியவரைக் கணவர் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. வயதின் தளர்ச்சி என்று முதலில் விட்டுவிட்டார்கள். பின்னர் பரிசோதித்த மருத்துவர், இது பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்னும் அழற்சி நோய் என்று கண்டறிந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கே வரும் நோய் அது. நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் பிரட்னிசோலோன் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் பெரிய தேர்க்கோலம் இருந்தது. அம்மாள் தானே இட்டது. "முருகன் மாத்திரை வடிவில் வந்தான்" என்று அவர் தெருவெல்லாம் சொன்னார்.

இவ்வகை மருந்தின் தொடக்கமே இத்தகைய வியப்புதான். 1948ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் உள்ள மேயோ மருத்துவமனையில், பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க இயலாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்டிசோன் ஊசியைச் செலுத்தினார். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் எழுந்து கடைவீதிக்குச் சென்று வந்தார். அம்மருந்தைப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல், அத்துறையில் உழைத்த டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருடன் ஹென்ச்சுக்கு 1950ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்புவதையும், நெடுநாள் கொடுத்தால் உடலில் வேறு தொல்லைகள் தோன்றுவதையும் மருத்துவ உலகம் விரைவிலேயே கண்டுகொண்டது. வரத்தைப் பெறுவது எளிது, அதைக் கையாளுவதே கடினம் என்பது புராணங்கள் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தியல்லவா?

அம்மாளுக்கு மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஆடி மாதத்தில் அது 7.5 மில்லிகிராமை எட்டியது. "ஒரு மாதம் கழித்து வாருங்கள். இன்னும் குறைக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு மாதம் பதினைந்து மாதங்களாக நீண்டது. வலி இல்லை, ஆகவே மருத்துவரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டித் தெருமுனை மருந்துக்கடையில் மாதந்தோறும் மாத்திரை வாங்கி வந்தவர் கணவரே.

இதற்கிடையில் அம்மாளின் முகம் நிலவைப்போல் உருண்டது. "நல்ல தெம்பாக இருக்கிறீர்கள் மாமி" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இல்லாத சர்க்கரை நோய் வந்து சேர்ந்தது. வளையல் இலேசாக உரசினாலும் முன்கையில் ஊதாத் தழும்புகள் தோன்றின. கந்த சஷ்டிக்குச் சில நாட்கள் முன்பு, கோயில் வரிசையில் நின்றிருந்த ஓர் உறவினர் அந்தத் தழும்புகளைப் பார்த்தார். "இது ஸ்டீராய்டு செய்கிற வேலை. எலும்பை அரித்துவிடும். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள், கணவர் அந்த மாத்திரை அட்டையை எடுத்து அம்மாளின் முன்னால் வைத்தார். அவருடைய குரலில் சினம் இருந்தது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அம்மாள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வருஷம் முழுவதும் மருந்து தின்கிற உடம்பு. ஆறு நாளாவது சுத்தமான உடம்போடு அவன் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் நீங்கள் விடமாட்டீர்கள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கே யாரோ போல் இருக்கிறது. அவனுக்கு என்னை அடையாளம் தெரியுமா என்றுகூடத் தோன்றியது."

தலைமையாசிரியரின் சினம் அடங்கிவிட்டது. அவர் அட்டையை மீண்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. டாக்டர் ஒரு மாதத்தில் வரச் சொன்னார். கடை பக்கத்தில் இருக்கிறது, வலியும் இல்லை என்று நான்தான் உன்னை அழைத்துப் போகவில்லை. பதினைந்து மாதம் நானே வாங்கிக் கொடுத்தேன்" என்றார். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் இருவரும் ஒரே வேளையில் தத்தம் பிழையை ஒப்புக்கொண்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கலாம்.

வீடு திரும்பியபின் இருவரும் தஞ்சாவூரில் உள்ள நாளமில்லாச் சுரப்பிகளுக்கான பெண் மருத்துவர் ஒருவரிடம் சென்றார்கள். அவர் அம்மாளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, உங்கள் பிறந்த ஊரில் ஊர்க்கிணறு இருந்ததா?"

"இருந்தது. இனிப்பான தண்ணீர்."

"இப்போது?"

"குழாய் வந்தபிறகு யாரும் இறைப்பதில்லை. தூர்ந்து கிடக்கிறது."

"உங்கள் உடம்பிலும் அதுதான் நடந்திருக்கிறது" என்றார் மருத்துவர். சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தது போல் இரண்டு சிறிய சுரப்பிகள் உள்ளன. அட்ரீனல் என்பது அவற்றின் பெயர். உயிர் தரிக்க இன்றியமையாத கார்டிசால் என்னும் நீரை அவை நாள்தோறும் சுரக்கின்றன. விடியற்காலையில் அது மிகுதியாகவும் இரவில் குறைவாகவும் சுரக்கும். இரத்த அழுத்தம் தாழாமல் காப்பதும், பசித்திருக்கும்போது சர்க்கரை குறையாமல் காப்பதும், காய்ச்சல், அடி, அறுவை போன்ற சோதனைகளை உடல் தாங்கும்படி செய்வதும் அதுவே. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று ஆணையிடுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. வெளியிலிருந்து பிரட்னிசோலோன் நாள்தோறும் வந்து சேரும்போது, போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணிப் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திக்கொள்கிறது. ஆணை இல்லாமையால் அட்ரீனல் உறங்கி, சுருங்கியும் விடுகிறது. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் இம்மருந்தை உட்கொண்ட எவருக்கும் இது நேரக்கூடும். ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவருக்கு ஐயம் அதிகம்.

"குழாயை ஒரே நாளில் மூடினீர்கள். கிணறோ தூர்ந்து கிடந்தது. போதாக்குறைக்குப் பட்டினி வேறு. நான்காம் நாளே குமட்டலும் வயிற்றுவலியும் தலைச்சுற்றலும் வந்திருக்குமே?"

அம்மாள் தலையசைத்தார். விரதத்தின் களைப்பு என்று அவர் எண்ணியிருந்தார்.

"அப்படியானால் வாழ்நாள் முழுவதும் இந்த மாத்திரைதானா?" என்று கணவர் கேட்டார்.

"இல்லை. உறவினர் சொன்னதில் பாதி உண்மை. நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை வரும், தோல் மெலியும், தொற்று நோய்கள் எளிதில் பற்றும். ஆகவே நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கே என்றாரே, அதுதான் பிழை. கிணற்றைத் தூர் வாரி ஊற்று திறக்கும் வரை குழாயைச் சிறிது சிறிதாகத்தான் மூட வேண்டும். ஓராண்டு ஆகலாம், கூடவும் ஆகலாம். பொறுமை இருக்கிறதா அம்மா?"

அன்று தொடங்கியது அம்மாளின் மெய்யான விரதம். மருத்துவர் ஒரு தாளில் சில விதிகளை எழுதிக் கொடுத்தார். கணவர் அதைப் பூஜை அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தார்.

காலை உணவுக்குப்பின் ஒரே வேளையாக மாத்திரையை உட்கொள்ள வேண்டும். உடலின் இயல்பான சுரப்பும் காலையில்தான் மிகுதி என்பதால் அதுவே பொருத்தம். விரதம், பயணம், திருவிழா, துக்கம் எது வந்தாலும் ஒரு நாளும் தானாக நிறுத்தக்கூடாது. வீட்டில் பத்து நாட்களுக்குரிய மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். காய்ச்சல் கண்டால், மருத்துவர் முன்பே சொல்லிவைத்தபடி அந்த நாட்களுக்கு மட்டும் அளவை இருமடங்காக்கி, குணமானதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லையென்றால் காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்று ஊசியாகப் பெற வேண்டும். பல் பிடுங்குவதானாலும் கண்புரை அறுவையானாலும், "நான் ஸ்டீராய்டு உட்கொள்பவள்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அதை எழுதிய அட்டை ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். வலிக்கு என்று யாரேனும் கொடுக்கும் பெயரில்லாத பொடியையும் உருண்டையையும் தொடக்கூடாது. அவற்றிலும் சில வேளைகளில் இதே மருந்து கலந்திருப்பதுண்டு. எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்தார். கண் பரிசோதனைக்கும் எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பதற்கும் அனுப்பினார்.

முதல் மாதம் பழைய 7.5 மில்லிகிராமே தொடர்ந்தது. மார்கழியில் ஒரு நாள் 7.5, மறுநாள் 5 என்று மாற்றி மாற்றி உட்கொள்ளச் சொன்னார். தையிலிருந்து நாள்தோறும் 5. நம் உடல் தானே ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறத்தாழ ஈடான அளவு அது. "இதுவரை இறங்கியது நோய்க்காக எழுதிய அளவு. இனி இறங்கப்போவது உங்கள் சொந்தச் சுரப்பி விழித்துக்கொள்வதைப் பொறுத்தது. ஆகவே இங்கே நின்று பார்ப்போம்" என்றார் மருத்துவர்.

விழித்ததா என்று பார்க்க ஓர் எளிய இரத்தப் பரிசோதனை உண்டு. முந்தைய நாள் காலையில் மாத்திரை உட்கொண்டபின் ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுநாள் காலை எட்டு மணி அளவில், அன்றைய மாத்திரையை விழுங்குவதற்கு முன் இரத்தம் எடுத்துக் கார்டிசால் அளவைப் பார்ப்பார்கள். இரத்தம் கொடுத்தவுடன் மாத்திரையை உட்கொண்டுவிட வேண்டும். அந்த அளவு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது என்று பொருள். 5க்குக் கீழ் இருந்தால் இன்னும் உறக்கம். இடையில் இருந்தால் காத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும்.

மாசியில் அம்மாளின் அளவு 4 என்று வந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. வீடு திரும்பும் பேருந்தில், "நான் வேண்டுவது அவன் காதில் விழவில்லையோ?" என்றார். கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "விதைத்த மறுநாள் கதிர் வந்ததா என்று எந்த மிராசுதாரும் கேட்பதில்லை" என்றார். அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் அழவும் இல்லை.

சித்திரையில் காய்ச்சல் வந்தது. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளை இருவரும் ஒருமுறை வாசித்தார்கள். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, நான்கு நாட்கள் 10 மில்லிகிராம் உட்கொண்டார் அம்மாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் மீண்டும் 5. சஷ்டியன்று போல் எதுவும் நேரவில்லை. கூட்டிய மருந்தைத் திரும்பக் குறைப்பதற்கு அம்மாள் அஞ்சவில்லை. அதுவே ஒரு வெற்றிதான்.

வைகாசியில் அளவு 7. "ஊற்றுக்கண் கசியத் தொடங்கிவிட்டது. உங்கள் உடம்பு தெம்பாகவும் இருக்கிறது. மெல்ல அடுத்த படி இறங்கிப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். ஆனி முதல் ஒரு நாள் 5, மறுநாள் 2.5.

ஆடியில்தான் பெருஞ்சோதனை. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் வலி. இரவில் உறக்கமில்லை. காரணமின்றிக் கண்ணீர் வந்தது. ஆடி அமாவாசையன்று கணவர் கடற்கரையில் தர்ப்பணம் முடித்து வந்தபோது, அம்மாள் ஊஞ்சலில் சாய்ந்து கிடந்தார். "பழைய நோய் திரும்பிவிட்டது. இத்தனை மாதமும் வீண். இனி என்னால் முடியாது. மறுபடியும் முழு மாத்திரையே போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

"போட்டுக்கொள். ஆனால் நாளைக்கு டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்" என்றார் கணவர்.

மருத்துவர் தோள்களைத் தூக்கச் சொன்னார். இரண்டும் தலைக்கு மேல் உயர்ந்தன. காலையில் எழும்போது இறுக்கம் இருக்கிறதா என்று கேட்டார். அது முன்போல் இல்லை. நாள் முழுதும் பரவிய அலுப்புதான். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகள் இயல்பாகவே இருந்தன. "அம்மா, இது பழைய நோய் அன்று. பழகிய மருந்து விடைபெறும்போது உடம்பு படும் ஏக்கம். மூட்டுவலி, அசதி, மனச்சோர்வு எல்லாம் அதில் சேர்ந்ததே. பலருக்கும் வரும், தானே போகும். நோய் திரும்பியிருந்தால் நாம் திரும்ப ஏறத்தான் வேண்டும். அதில் வெட்கமில்லை. இப்போது ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நிற்கும் படியிலேயே ஆறு வாரம் நில்லுங்கள்."

அம்மாள் நின்றார். இரண்டு மாதம் முன்பு இதே வலிக்கு அவர் அக்கம்பக்கத்தில் மருந்து கேட்டிருப்பார். இப்போது வெந்நீர் ஒத்தடமும் கணவருடன் கோயில் குளக்கரையில் மாலை நடையும் போதுமானதாக இருந்தன. ஆவணி முடிவில் வலி எப்போது விலகியது என்றே அவருக்கு நினைவில்லை. புரட்டாசியில் நாள்தோறும் 2.5 மட்டும்.

மீண்டும் ஐப்பசி வந்தது. கந்த சஷ்டிக்கு முந்தைய நாள் அம்மாள் கோயில் குருக்களிடம் சென்று, குரல் தாழ்த்தி, ஓராண்டாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டார்: "மாத்திரை சாப்பிட்டுவிட்டு விரதம் இருந்தால் அது விரதமாகுமா?"

குருக்கள் முதியவர். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "குழந்தைகளுக்கும் வயோதிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் பெரியவர்கள் எப்போதும் விரதத்தில் விலக்குக் கொடுத்தே வந்திருக்கிறார்கள். உடம்பு அவன் கொடுத்த கோயில் அம்மா. கோயிலுக்குத் திருப்பணி நடக்கிறபோது சாரம் கட்டியிருக்கும். சாரம் இருக்கிறதே என்று யாராவது பூஜையை நிறுத்துவார்களா? திருப்பணி முடிகிறதற்கு முன்னால் சாரத்தைப் பிடுங்குவார்களா?"

அம்மாளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன.

அவ்வாண்டு ஆறு நாட்களும் காலையில் இரண்டு இட்டிலி, அதன்பின் மாத்திரை, பகலில் சிறிதளவு அன்னம், மாலையில் பாலும் பழமும் என்று மருத்துவர் வகுத்தபடி விரதம் நடந்தது. சர்க்கரை மாத்திரைக்கும் அவரே நேரம் குறித்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் மாலை சிக்கலில், கணவரின் கையைப் பற்றியபடி அம்மாள் நின்றார். சிங்காரவேலர் வேல் வாங்கினார். அர்ச்சகர் பட்டுத்துணியால் திருமுகத்தை ஒற்றி எடுத்தார். கணவர் வேலைப் பார்க்கவில்லை. அம்மாளின் நெற்றியைப் பார்த்தார். விபூதி உலர்ந்து, வைத்தபடியே இருந்தது. அவர் பற்றியிருந்த கை வெதுவெதுப்பாக இருந்தது.

கார்த்திகையில் எடுத்த பரிசோதனையில் கார்டிசால் 12. "உங்கள் கிணறு சுரக்கிறது. மாத்திரை போதும்" என்றார் மருத்துவர். நிறுத்தியபின்னும் ஓராண்டுக்கு அட்டை கைப்பையில் இருக்க வேண்டும், கடும் நோயோ அறுவையோ வந்தால் தவறாமல் சொல்ல வேண்டும் என்று நினைவூட்டினார். நிலவு முகம் மெல்ல வடிந்து பழைய முகம் திரும்பிக்கொண்டிருந்தது. சர்க்கரைக்கான மருந்தின் அளவும் குறைந்தது.

அம்மாளுக்கு எழுதிய கணக்கு அம்மாளுக்கே உரியது. ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் இம்மருந்தை உட்கொள்வோர் பலர். நோய்க்கும் வயதுக்கும் உட்கொண்ட காலத்துக்கும் ஏற்ப ஒவ்வொருவருக்கும் படிகள் வேறுபடும். சிலருக்கு நிறுத்தவே இயலாமலும் போகலாம். பொதுவானது ஒன்றே: ஏறுவதானாலும் இறங்குவதானாலும் மருத்துவரின் கையைப் பற்றிக்கொண்டே செல்ல வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் சென்றார்கள். அம்மாள் மயங்கிக் கிடந்த இரவில் கணவர் வேண்டிக்கொண்ட பிரார்த்தனை அது. அம்மாளுக்கே அப்போதுதான் தெரியும். தைலமும் சஞ்சீவியும் வில்வமரத்தடி மண்ணும் ஏந்திவந்த தையல்நாயகியையும், தீராத நோய் தீர்க்கும் வைத்தியநாதரையும், செல்வமுத்துக்குமாரரையும் தரிசித்தபின், சித்தாமிர்தக் குளத்தின் படியில் இறங்கினார்கள். வெல்லம் கரைவது போல் நோய் கரைய வேண்டும் என்று அடியார்கள் அக்குளத்தில் வெல்லம் இடுவது வழக்கம்.

அம்மாள் ஒரு அச்சு வெல்லத்தைக் கடைசிப் படியில், நீருக்குள் மெல்ல வைத்தார். அதைச் சுற்றி இலேசான பழுப்பு நிறம் பரவத் தொடங்கியது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "வைத்தாயிற்றே, கிளம்பலாமா? வேண்டுமானால் கையால் கொஞ்சம் கசக்கி விடு, சீக்கிரம் கரைந்துவிடும்" என்றார்.

அம்மாள் அசையவில்லை.

"அவசரப்படாதீர்கள்" என்றார். "அது பாட்டுக்குக் கரையட்டும்."

கணவரும் படியில் உட்கார்ந்தார்.